மாரியில் வளவுக்குள் வரும் ஆமைக்குஞ்சு: வளர்ப்பதா, விடுவதா?

கார்த்திகை மழை இறங்கினால் படுவான்கரையில் வயல் எது, வாய்க்கால் எது என்று தெரியாது. தண்ணீர் வளவுக்குள் ஏறும்போது கூடவே மீன் வரும், பாம்பு வரும், ஆமையும் வரும். போன மாரியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பொடியன் ஒரு ஐஸ்கிறீம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். உள்ளே ஒரு பிஸ்கட் அளவில் ஆமைக்குஞ்சு ஒன்று. பக்கத்தில் நாலு சோற்றுப் பருக்கை, அடியில் கொஞ்சம் பால்.

"மாமா, இது என்ன சாப்பிடும் எண்டு போன்ல பாருங்களன்."

அவனுடைய அம்மா குவைத்தில் வேலை செய்கிறார். அவன் அம்மம்மாவோடு இருக்கிறான். அம்மம்மா ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "ஆமை புகுந்த வீடு உருப்படாது. கொண்டுபோய் விட்டுட்டு வா மனே." பொடியன் விடுவதாக இல்லை. அதற்குப் பெயரும் வைத்துவிட்டான்.

போனில் தேடினேன். கிடைத்ததெல்லாம் ஆங்கிலத்தில், குளிர் நாடுகளில் கடையில் வாங்கிய ஆமைகளை வளர்ப்பவர்களுக்கு எழுதியவை. தண்ணீரைச் சூடாக்கும் கருவி வாங்கு, வெப்ப விளக்குப் போடு என்றன. எங்கள் வயல் ஆமையைப் பற்றியோ, எங்கள் வெயிலைப் பற்றியோ, எங்கள் சட்டத்தைப் பற்றியோ அவற்றில் ஒன்றும் இல்லை. அந்தக் குறையைக் கொஞ்சமாவது தீர்க்கத்தான் இந்தக் கட்டுரை.

சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளவில் கண்டெடுத்த குஞ்சு என்றால், அதற்கு நீங்கள் செய்யக்கூடிய நல்ல பராமரிப்பு அதை விட்டுவிடுவது. கடையில் வாங்கிய குஞ்சு என்றால், அதை ஒருநாளும் வெளியே விடக்கூடாது. கடைசிவரை நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஆகவே எந்த ஆமை என்பதை அறிவதில்தான் எல்லாம் தொடங்குகிறது.

கையில் இருப்பது எந்த ஆமை?

மட்டக்களப்பு வாவியைச் சுற்றியுள்ள வீடுகளில் கையில் அகப்படக்கூடியவை ஐந்து வகை.

*பாலாமை.* ஓட்டின் மேல் தோல் போர்த்தியதுபோல வழுவழுப்பாக இருக்கும். மூக்கு குழாய்போல நீண்டிருக்கும். பின்னங்கால்களை உள்ளே இழுத்தால் வயிற்றுப் பக்கத்தில் உள்ள மடல்கள் அவற்றை மூடிக்கொள்ளும். குளம், வாய்க்கால், வயல் எல்லாவற்றிலும் வாழும். கடும் வெயில் காலத்தில் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். இலங்கையில் உள்ள பாலாமை இந்தத் தீவுக்கு மட்டுமே உரிய இனம். பயந்தால் கடிக்கும்.

*கறுப்பு ஆமை.* சிங்களத்தில் 'கல் இப்பா' என்பார்கள். கடினமான கருநிற ஓடு, முதுகில் நீளவாக்கில் மூன்று மேடுகள். குஞ்சில் இந்த மேடுகள் தெளிவாகத் தெரியும். தலையில் செம்மஞ்சள் புள்ளிகள் இருக்கலாம்.

*நட்சத்திர ஆமை.* இது தரையில் வாழ்வது. குவிந்த ஓடு, ஒவ்வொரு கட்டத்திலும் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம்போல விரியும். கால்கள் யானைக் கால் மாதிரி. விரலிடையில் சவ்வு இல்லை. பலர் இதைத் தண்ணீர்ப் பேசினுக்குள் போட்டுவிடுகிறார்கள். இதற்கு நீந்தத் தெரியாது. மூழ்கிச் சாகும்.

*கடலாமை.* கால்களுக்குப் பதில் துடுப்புகள் இருக்கும். தலையை ஓட்டுக்குள் இழுக்க முடியாது. பேராமை, சித்தாமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை என ஐந்து இனங்கள் இலங்கைக் கரைகளில் முட்டையிடுகின்றன.

*சிவப்புக்காது ஆமை.* அலங்கார மீன் கடைகளில் விற்பது இதுதான். பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு, விரல்களுக்கிடையில் சவ்வு. சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம்.

முதல் நான்கும் இந்த நாட்டுக் காட்டுயிர்கள். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் அவற்றைப் பாதுகாக்கின்றன. பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது, இறைச்சிக்குக் கொல்வது எல்லாம் குற்றம். நட்சத்திர ஆமைக் கடத்தல் பெருகியதால் 2019இல் அந்த இனம் சர்வதேச வணிகத்தை முற்றாகத் தடைசெய்யும் சைட்டிஸ் முதலாம் பட்டியலுக்கு உயர்த்தப்பட்டது. "பிள்ளை விளையாடத்தான் வைத்திருந்தோம்" என்பது சட்டத்தின் முன் பதிலாகாது.

தனியாக இருப்பதெல்லாம் அநாதை இல்லை

"தாயை விட்டுட்டு வந்திருக்கு மாமா, பாவம்" என்றான் பொடியன். ஆமைக்குஞ்சைக் காணும் எல்லோருக்கும் வரும் எண்ணம் இது. எங்கள் ஊரில் அந்த எண்ணம் ஏன் அவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதும் எங்களுக்குத் தெரியும்.

ஆனால் ஆமைகளின் வழி வேறு. தாய் மண்ணைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். குஞ்சுகளைப் பார்க்க அது திரும்பி வருவதில்லை. குஞ்சு முட்டையை உடைத்து வரும்போதே நீந்தவும், இரை தேடவும், ஒளியவும் தெரிந்துதான் வருகிறது. முதல் சில நாட்களுக்குத் தேவையான உணவும் முட்டைக்கருவின் மிச்சமாக வயிற்றுக்குள் இருக்கும். அதனால்தான் புதிதாகப் பொரித்த குஞ்சு நாம் கொடுப்பதைத் தொடாமல் இருக்கிறது. வயிற்றின் நடுவில் மஞ்சள் பை ஒன்று ஒட்டியிருந்தால் அதைத் தொடவோ பிடுங்கவோ கூடாது. அது தானாக உள்ளே போய்விடும்.

ஆகவே தனியாகக் கிடக்கும் குஞ்சைக் காப்பாற்ற வேண்டும் என்றில்லை. அது தன் வழியில் போய்க்கொண்டிருக்கிறது.

நம் நாட்டுக் குஞ்சு கிடைத்தால்

வீதியைக் கடந்துகொண்டிருந்தால், அது எந்தப் பக்கம் பார்த்துப் போனதோ அந்தப் பக்கத்தில் விடுங்கள். புறப்பட்ட பக்கத்தில் விட்டால் திரும்பவும் வீதிக்கு ஏறும்.

பாலாமை, கறுப்பு ஆமை என்றால் கண்ட இடத்துக்குக் கிட்டவுள்ள குளத்திலோ வாய்க்காலிலோ, புல்லும் நீர்த்தாவரமும் அடர்ந்த கரையோரத்தில், மாலையில் விடுங்கள். காகமும் கொக்கும் அடங்கிய நேரம் அது. நடுத்தண்ணீரில் எறிய வேண்டாம். கல்லடி, முகத்துவாரம் பக்கம் வாவி நீர் உப்பு. அங்கும் விட வேண்டாம். தூரத்துக் குளங்களுக்கு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவதும் நல்லதல்ல.

நட்சத்திர ஆமையைத் தண்ணீரில் அல்ல, கண்ட இடத்துக்குக் கிட்டிய பற்றைக் காட்டில் நிழலில் விடுங்கள்.

கடலாமைக் குஞ்சு என்றால் இன்னும் அவசரம். பொரித்த இரவே கடலுக்குப் போய், தொடர்ந்து நீந்தி ஆழத்துக்குப் போவதற்கான சக்தி மட்டும்தான் அதனிடம் உண்டு. பேசினில் வைத்து இரண்டு நாள் நீந்தவிட்டால் அந்தச் சக்தி அங்கேயே தீர்ந்துவிடும். பகலில் கண்டால் ஈர மணல் போட்ட வாளியில், தண்ணீர் ஊற்றாமல், நிழலில் வைத்து, இருட்டியதும் கடலுக்குச் சில மீற்றர் முன்னால் மணலில் விடுங்கள். தானாக ஊர்ந்து போகட்டும். அந்த நேரம் போன் லைட், மோட்டார் சைக்கிள் லைட் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடல் எது என்று முடிவு செய்கின்றன. கரையில் வெளிச்சம் இருந்தால் கரைக்கே திரும்பும். கடலாமைக் குஞ்சை வாவிக்குள் விடக்கூடாது.

ஓடு உடைந்தோ காயத்துடனோ இருந்தால், ஈரத்துணி விரித்த காற்றோட்டமான பெட்டியில் வைத்து, வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள். மஞ்சள், மண்ணெண்ணெய், பழைய ஒயில் எதையும் காயத்தில் பூச வேண்டாம்.

கிணற்று ஆமை

எங்கள் பக்கத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஆமை பூச்சி புழுவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று கிணற்றுக்குள் விடுவார்கள். எங்கள் அம்மம்மாவின் கிணற்றிலும் ஒரு பாலாமை இருந்தது. வாளியை இறக்கினால் மேலே வந்து எட்டிப் பார்க்கும். நாங்கள் மிச்சச் சோற்றைப் போடுவோம். 2007இல் படுவான்கரையை விட்டு ஓடியபோது ஆட்டை அவிழ்த்துவிட்டோம், நாயைக் கூப்பிட்டுப் பார்த்தோம். ஆமையை யாரும் நினைக்கவில்லை. திரும்பி வந்தபோது கிணற்றுக்குள் கூரை ஓடும் கல்லும் கிடந்தன. இறைத்துத் துப்புரவாக்கிய அன்றுதான் அம்மம்மா கேட்டார், "அந்த ஆமை எங்க போயிரிக்கும்?"

அது எங்கும் போயிருக்க முடியாது. சீமெந்து வளையம் இறக்கிய கிணற்றில் ஏறுவதற்கு இடமில்லை, வெயில் காய்வதற்குக் கல் இல்லை, புதைவதற்குச் சேறு இல்லை. நாங்கள் அதை வளர்க்கவில்லை, அடைத்து வைத்திருந்தோம் என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. தண்ணீர் சுத்தமாகும் என்பதும் சரியில்லை. ஆமையின் கழிவு குடிக்கும் தண்ணீரில்தான் கரைகிறது. உங்கள் கிணற்றில் இன்னும் ஆமை இருந்தால், மாரி தொடங்கியதும் தூக்கி எடுத்துக் கிட்டவுள்ள குளத்தில் விடுங்கள். கிணற்றைக் குளோரின் போட்டு இறைத்துவிட்டுப் பாவியுங்கள்.

கடையில் வாங்கிவிட்டீர்கள் என்றால்

வாங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் பிள்ளையின் பிறந்தநாளுக்கு யாராவது கொண்டுவந்து தந்துவிட்டால் அதை வடிவாகப் பார்க்க வேண்டும். சிவப்புக்காது ஆமைக்கு வேண்டியவை இவை.

*இடம்.* கடையில் ஒரு குற்றி அளவில் இருக்கும் குஞ்சு வளர்ந்தால் பெண் ஆமை 25 சென்ரிமீற்றரையும் தாண்டும். ஓட்டின் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் சுமார் 15 லீற்றர் தண்ணீர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்து சென்ரிமீற்றர் ஆமைக்கு 150 லீற்றர். வளர்ந்ததற்கு வளவில் சீமெந்துத் தொட்டி கட்டுவதுதான் சரி: 4 அடி நீளம், 3 அடி அகலத்தில் ஓரடி தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 340 லீற்றர். அது முழுவதும் தண்ணீருக்கு வெளியே ஏறி உலரக்கூடிய கல்லோ மரக்கட்டையோ உள்ளே இருக்க வேண்டும். காகம், பூனை, உடும்பு வராமல் மேலே வலை போடுங்கள்.

*சூடு.* குளிர் நாட்டில் பிரச்சினை குளிர். இங்கே பிரச்சினை வெயில். குஞ்சுக்கு 25 முதல் 28 பாகை செல்சியஸ் தண்ணீர் போதும். அது எங்கள் வீட்டு நிழலில் சும்மாவே கிடைக்கும். முற்றத்தில் வைத்த பிளாஸ்டிக் பேசின் தண்ணீர், கச்சான் காற்று வீசும் மாதங்களில் மதியத்துக்குள் கொதித்துவிடும். கையை விட்டுப் பாருங்கள். தண்ணீர் கொஞ்சம் குளிர்ச்சியாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஆமைக்கு அது கூடின சூடு.

*வெயில்.* ஆனால் வெயிலே படாமல் அறைக்குள் வைத்தாலும் சாகும். ஓடு கடினமாக வளர வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் தேவை. கண்ணாடி ஊடாக வரும் வெயிலில் அந்தக் கதிர் இல்லை. காலை வெயிலில் தினமும் அரை மணிநேரம் விடுங்கள். பாதி நிழல், பாதி வெயிலாக இருக்கட்டும். சுட்டால் தானாக நிழலுக்குப் போகும். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

*தண்ணீர்.* நகரக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் வாளியில் திறந்து வைத்துவிட்டுப் பாவியுங்கள். கிணற்றுத் தண்ணீர் உப்பில்லாவிட்டால் நேராகப் பாவிக்கலாம். வடிகட்டும் கருவி இல்லாத சிறு தொட்டி என்றால் இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். தனிப் பேசினில் சாப்பாடு கொடுத்தால் தொட்டி சீக்கிரம் பழுதாகாது.

*சாப்பாடு.* ஓடு 10 சென்ரிமீற்றர் வரும்வரை தினமும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். ஒரு தடவைக்கு ஆமையின் தலை அளவு போதும். ஆமைக்கென விற்கும் உருண்டை உணவோடு மண்புழு, உப்புப் போடாத கூனி, சிறு மீன் துண்டு கொடுக்கலாம். கங்குன், வல்லாரை, ஆற்றுவாழை இலை, துருவிய கரட்டும் போடுங்கள். வளர வளர இலை கூடவும் இறைச்சி குறையவும் வேண்டும். கல்சியத்துக்குக் கடையில் எதுவும் தேட வேண்டாம்; கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டை நன்றாகக் கழுவி ஒரு துண்டு தொட்டியில் மிதக்கவிடுங்கள். சோறு, பாண், பிஸ்கட், பால், கருவாடு கொடுக்கக் கூடாது.

*வருத்தம்.* கண் வீங்கி மூடிக்கொண்டால் பெரும்பாலும் விற்றமின் ஏ குறைவு. உலர்ந்த இறால் மட்டும் கொடுக்கப்படும் குஞ்சுகளில் இது வரும். ஓடு மெத்தென்று அமுங்கினால் கல்சியமும் வெயிலும் போதாது. ஒரு பக்கம் சரிந்து நீந்தினால், மூக்கில் குமிழி வந்தால், வாயைத் திறந்து மூச்சு விட்டால் சுவாசக் கிருமித் தொற்று. ஓட்டில் வெள்ளைத் திட்டும் மணமும் இருந்தால் ஓடு அழுகுகிறது. இந்த நிலைகளில் உங்கள் பிரதேசத்து அரச மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். ஆமை நோயை மெதுவாகத்தான் காட்டும். காட்டும்போது ஏற்கெனவே பிந்தியிருக்கும்.

ஓட்டில் ஓட்டை போட்டு நூல் கட்டுவதும், பெயின்ற் அடிப்பதும் இன்னும் நடக்கிறது. ஆமை ஓடு தொப்பி அல்ல. அது முதுகெலும்போடும் விலாவோடும் சேர்ந்த உயிருள்ள எலும்பு. துளைத்தால் இரத்தம் வரும், வலிக்கும்.

பிள்ளைகளின் வயிறு

பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் ஆமையின் குடலிலும் சல்மொனெல்லா என்ற பற்றீரியா இருக்கலாம். அது ஆமைக்கு ஒன்றும் செய்யாது. பிள்ளைக்குக் காய்ச்சல், வயிற்றோட்டம், சில வேளை அதைவிட மோசமான நிலையையும் கொண்டுவரும். சின்ன ஆமைகளைப் பிள்ளைகள் வாயில் வைப்பதால் வந்த நோய்களைப் பார்த்துத்தான், அமெரிக்கா 1975இல் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்பதைத் தடைசெய்தது.

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், நீரிழிவு, புற்றுநோய்ச் சிகிச்சை போன்றவற்றால் உடல் பலம் குறைந்தவர்கள் ஆமையைத் தொடாமல் இருப்பது நல்லது. மற்றவர்கள் தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். தொட்டியைக் குசினியில் கழுவாதீர்கள். கழிவுத் தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றாமல் தள்ளி வாழையடியில் ஊற்றுங்கள்.

வளர்ந்த பிறகு வாவியில் விடலாமா?

விடக்கூடாது. இரண்டு மூன்று வருடத்தில் ஆமை பெருத்து, தொட்டி நாறத் தொடங்கியதும் பலருக்கு வரும் யோசனை இதுதான்: "பாவம், குளத்தில விடுவம்." உலகில் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் சிவப்புக்காது ஆமையும் ஒன்று. அது எதையும் தின்னும், எங்கும் வாழும். வெயில் காயும் இடத்தையும் இரையையும் உள்ளூர் ஆமைகளிடமிருந்து பிடித்துக்கொள்ளும், நோயும் பரப்பும். ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் இதன் இறக்குமதியை நிறுத்தியது. கேரளத்தின் திருச்சூரில் 2018இல் ஒரு கால்வாயில் இது கண்டெடுக்கப்பட்டபின், வீட்டில் வைத்திருப்பவர்கள் நீர்நிலையில் விடாமல் தங்களிடம் ஒப்படைக்கும்படி அங்குள்ள வன ஆராய்ச்சி நிறுவனம் மக்களைக் கேட்டது. எங்கள் உன்னிச்சைக் குளத்துக்கோ உறுகாமக் குளத்துக்கோ அந்த நிலை வரக்கூடாது. கோயில் தீர்த்தக் குளமும் இதற்கு விதிவிலக்கல்ல.

ஆகவே வாங்குவதற்கு முன்பே எண்ணிப் பாருங்கள். எங்கள் யுத்தம் 26 வருடம் நீடித்தது. நல்ல பராமரிப்புக் கிடைத்தால் ஒரு சிவப்புக்காது ஆமை அதைவிட அதிகமாக வாழக்கூடும். இன்று வாங்கிக் கேட்கும் பிள்ளை வளர்ந்து படிக்கப் போகும், வேலைக்கு வெளிநாடு போகும். பிறகு யார் பார்ப்பது? இந்தக் கேள்விக்கு வீட்டில் பதில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கி, வைத்திருக்க முடியாமல் போனால், பார்க்கக்கூடிய இன்னொருவரைத் தேடிக் கொடுங்கள், அல்லது வனஜீவராசிகள் திணைக்களத்திடம் கேளுங்கள்.

அந்த ஐஸ்கிறீம் பெட்டி

பொடியனின் பெட்டியில் இருந்தது பாலாமைக் குஞ்சு. சோற்றையும் பாலையும் கொட்டிவிட்டு, ஈரச் சேறும் கொஞ்சம் ஆற்றுவாழையும் போட்டோம். வைத்த உடனேயே மூக்கு மட்டும் வெளியே தெரியப் புதைந்துகொண்டது. "இவ்வளவு நாளும் இதத்தான் தேடியிருக்கு" என்றான். மழை விட்ட பின்னேரம் வயல் வாய்க்காலுக்குப் போனோம். அம்மம்மாவும் குடையோடு வந்தார். அவன் விடுவதை போனில் படமெடுத்து அவனுடைய அம்மாவுக்கு அனுப்பினோம்.

இப்போது பின்னேரங்களில் அவன் அந்த மதகில் போய் உட்காருகிறான். தண்ணீரில் ஒரு மூக்கு தெரிந்தால் அது தன்னுடையது என்கிறான். அதை மறுக்க என்னிடம் ஒரு காரணமும் இல்லை. ஆமையை வீட்டுக்குள் வைத்திருக்காமலே ஒரு பிள்ளை ஆமையோடு இருக்க அப்படியும் ஒரு வழி உண்டு. மாரியில் உங்கள் வளவுக்குள்ளும் ஒரு குஞ்சு வந்தால், பிள்ளைக்கு முதலில் அதைக் காட்டிக்கொடுங்கள். பிறகு விடுவதற்கும் கூட்டிக்கொண்டு போங்கள்.